பீலித் தண்ணீரில் பிஸ்மத்

ஒரு மனிதரின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, "அவருக்கு நெஞ்சு முன்னாடியே பழுது" என்றார். அதைக் கேட்டு ஆறுதல் அடையவும் என்னால் முடியவில்லை, "இல்லை, நான்தான் காரணம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் முடியவில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்பவர்களும் சிரிப்பார்கள், முக்கால்வாசி வரைக்கும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஐம்பதுகளின் பின்பாதி. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேல்முனையில், பஸ் ஏறாத ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. (எங்களுடையது என்பது பேச்சுக்கு. தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நாங்கள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.) ஹட்டனில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.சி. தேறியவன் எங்கள் லயத்தில் நான் ஒருவன்தான். அதிலும் இரசாயனத்தில் நல்ல புள்ளி. தேறி வந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தோட்டத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தொடக் கௌரவம் விடவில்லை. அப்பா தொழிற்சாலைக்குப் போவார், அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவார், நான் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன். (துவைத்ததும் அம்மாதான்.)

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. எங்கள் பக்கத்து ஓடைகளில் கறுப்பாக, சின்னச் சின்னச் சதுரமாக, கையில் எடுத்தால் கனக்கிற ஒரு மணல் அகப்படும். அதில் தோரியம் என்ற உலோகம் இருக்கிறதாம். அந்த மணல் எந்த மலையின் வயிற்றிலிருந்து வருகிறது என்று தேடித்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டு ஓடை ஓடையாக அலைந்தார்கள். அவர்களுடைய இரசாயனக்காரி மட்டும் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோர் கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பெயர் மிஸ் விஜேரத்ன. முப்பது வயதைத் தாண்டியவர், சேலைக்கு மேல் ஆண்களின் கம்பளிச் சட்டை போட்டிருப்பார், கழுத்தில் தாலிக்கொடி மாதிரி ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். மிஸ் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொய் சொல்வாயா?"

"மாட்டேன் மிஸ்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் செய்த வேலையை இப்போது எளிதாகச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தோரியம் சும்மா இருக்காது. உள்ளுக்குள் சிதைந்து சிதைந்து வேறு வேறு உலோகமாக மாறிக்கொண்டே போகும். அந்த வரிசையில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காரீயம் வரும், அதிலிருந்து ஒரு பிஸ்மத் பிறக்கும். இந்தக் காரீயம் பத்தரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிஸ்மத்துக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் பாதி, அடுத்த ஒரு மணியில் அதிலும் பாதி. தோரியம் உள்ள மலையின் ஊற்றுத் தண்ணீரில் இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்து வரும். தண்ணீரிலிருந்து பிஸ்மத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அது ஒரு மணிக்கொரு தரம் பாதியாகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். பாதியானால் மேலே தோரியம் இருக்கிறது. இல்லையென்றால் அடுத்த ஓடைக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே எல்லாமே ஓட்டமாக நடக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சாதாரணக் காரீய உப்பைக் கலந்து, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஒரு வாயுவை உள்ளே விடுவார். கறுப்பாக அடியில் படியும். அதை வடித்து, அமிலத்தில் கரைத்து, கொதிக்கும் பக்குவத்தில் சூடாக்கி, ஒரு சதக் காசு அளவு நிக்கல் தகட்டை அதற்குள் தொங்கவிட்டுச் சுற்றுவார். ஐந்து நிமிடம். காரீயம் அமிலத்திலேயே நின்றுவிடும். பிஸ்மத் மட்டும் தாவி நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். தகட்டை வெளியே எடுத்த அந்த விநாடியில் ஸ்டாப் வாட்ச் 'டிக்' என்று கிளம்பும். கழுவி, உலர்த்தி, சிதைவுகளை எண்ணும் கருவியின் கீழே வைப்பது என் வேலை. மேசைக்கும் கருவிக்கும் நடுவில் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியை நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் யாரும் என்னைப் படித்தவன் என்று சொல்லமாட்டார்கள்.

தண்ணீர் எடுத்து வருவதும் என் வேலைதான். மிஸ் அதற்கு நாலு கட்டளை போட்டிருந்தார். தகரக் கேனை அதே தண்ணீரில் மூன்று தடவை கழுவி நாலாவது தடவை நிரப்பு. மூடியைத் தரையில் வைக்காதே. நிரப்பிய நிமிடத்தைச் சீட்டில் எழுது. உள்ளே ஒரு இலை விழுந்தாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி.

எங்கள் லயத்துக்கு மேலே மலையிடுக்கில் ஒரு பீலி இருந்தது. பாறை ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். நாற்பது வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான். ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தண்ணீரை எடுத்துவரச் சொன்னார் மிஸ். தூறல். காலில் இரண்டு அட்டை. நான் கேனைச் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் குடத்தோடு ஏழெட்டுப் பெண்கள். முன்னால் நின்றவர் வீராயி அக்கா. எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. புருஷன் மாடசாமி அண்ணன், இருமலுக்குப் பேர்போனவர்.

"தம்பி, உங்க ஆராய்ச்சி முடிஞ்சுதுங்களா? பெரட்டுல பேரு கொடுக்க நேரமாச்சு, சோத்துக்குத் தண்ணி புடிக்கணும்" என்றார் வீராயி அக்கா.

"விஞ்ஞானத்துக்கு அவசரம் கூடாதுக்கா" என்றேன். (மிஸ் இதற்கு நேர்மாறாகத்தான் தினமும் சொல்வார்.) கேனை நிரப்பி, நிமிடத்தைச் சீட்டில் எழுதி, குனிந்து மூடியை எடுத்தபோது என் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வழுக்கிக் கேனுக்குள் விழுந்தது.

முதல் நாள் பொகவந்தலாவைக் கடைவீதியில், ஹனிபா நானா கடையில் வாங்கிய பொட்டலம் அது. எங்கள் வாசிகசாலை பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு இரண்டு மேண்டில். மேண்டில் என்றால் விளக்கின் உள்ளே பூவரும்பு மாதிரித் தொங்கி வெளிச்சம் தருமே, அந்த வலைத்துணி. காகிதம் ஊறி, துணி இரண்டும் தண்ணீரில் மிதந்தன. கைவிட்டு எடுத்தேன். துணி வீணாகக் கூடாதே என்று நன்றாகப் பிழிந்தேன். எங்கே பிழிந்தேன் என்றால், கேனுக்குள்ளேயே பிழிந்தேன்.

கொட்டிவிட்டு மறுபடி நாலு தடவை செய்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். எட்டுக் குடங்கள். சீட்டில் நிமிடம் வேறு எழுதியாகிவிட்டது. விஞ்ஞானி தப்புச் செய்துவிட்டான் என்று இந்தப் பெண்கள் சிரிப்பார்களே! துணிதானே, சுத்தமான புதுத்துணிதானே என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி, மூடியைத் திருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்று பகல் கருவி போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அதுவரை நாங்கள் பார்த்த ஓடைகளில் அது கிழவன் பல் நெறிப்பது மாதிரி எப்போதாவது 'டக்' என்னும். அன்று தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போலப் பொழிந்தது. மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பத்து நிமிடத்துக்கொரு தடவை எண்ணிக்கையைக் குறித்தோம். ஒரு மணி நேரம் ஆனபோது சரியாகப் பாதி. இரண்டாவது மணியில் கால்வாசி.

"பிஸ்மத்!" என்றார். "மல்லி, இது பிஸ்மத்தேதான்!" மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அதுவரை என்னை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

தன் தகர டப்பாவிலிருந்து எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஒரு தடவை வந்தால் அதற்கு மதிப்பில்லை. மூன்று தடவை வர வேண்டும். நாளைக்கே கொழும்புக்குப் போய் இன்னொரு கருவியும் மருந்துகளும் கொண்டுவருகிறேன். மூன்று நாளில் திரும்பிவிடுவேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. விளங்கியதா?"

விளங்கியது என்றேன். அவர் போன அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதையில் மண் சரிந்தது. மூன்று நாள் ஒன்பது நாளானது.

என் வாய் இரண்டாவது நாளே திறந்துவிட்டது. ஹனிபா நானா கடையில், சீனி மூட்டைக்கு மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்கள் பீலியில் என்ன இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"அது ஒரு உலோகம் நானா. மணிக்கொரு தரம் பாதி பாதியாச் செத்துப்போகும்."

ஹனிபா நானா தராசைத் துடைத்துக்கொண்டே, "சாகுறது அதுதானே தம்பி? நாம ஏன் பயப்புடணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "சாகுறப்போ சும்மா சாகாது நானா, பக்கத்துல இருக்கிறதையும் சேத்துக் கொண்டுபோயிரும்" என்றேன். கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பிளந்த வாய்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பேச வந்தது. எலும்பு, இரத்தம், பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். நான் நடந்து தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் தொரை கூப்பிட்டனுப்பினார். வெள்ளைக்காரத் தொரை. தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆபீசுக்குள் போனதும் நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றார்.

இதை வாசிப்பவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் லயத்தில் பிறந்த எவரும் அந்த ஆபீசில் அதுவரை உட்கார்ந்ததில்லை. எங்கள் அப்பா இருபத்தாறு வருஷம் அந்த வாசலில் நின்றுதான் பேசியிருக்கிறார். நான் உட்கார்ந்தேன். பிரம்பு நாற்காலி. சாய்ந்தும் பார்த்தேன்.

"நீ சொல்றது நெசமா? நீயே பாத்தியா?"

இன்னும் இரண்டு தடவை சோதிக்க வேண்டும், மிஸ் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்திரு என்பாரோ என்று பயந்தேன். "ஆமாங்க சார். என் கையால சோதிச்சேன்" என்றேன்.

தொரை தன் பங்களாவுக்கு வரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அது வேறு ஊற்று, வேறு மலை என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. கண்டாக்கையாவைக் கூப்பிட்டு, பீலியைச் சீமெந்து வைத்து அடைக்கச் சொன்னார். அன்று மத்தியானமே அடைத்துவிட்டார்கள். பாறை வெடிப்பையும் சேர்த்துப் பூசி, மேலே கல்லும் வைத்துவிட்டார்கள்.

இனித் தண்ணீருக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கத் தேவையில்லை. கீழே ஓடை இருக்கிறது. அந்த ஓடை மேற்பிரிவு லயங்களின் கக்கூசுகளுக்குப் பின்னால் வளைந்துதான் எங்களிடம் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கக்கூஸ் பழகின விஷயம். நான் சொன்ன உலோகம் பழகாத விஷயம். காய்ச்சிக் குடிக்கலாம்தான், ஆனால் அந்த மழையில் விறகு எரியவில்லை, புகைந்தது.

பீலியை அடைத்த நாலாவது நாள் ஒரு குழந்தைக்கு வயிற்றால் போனது. பிறகு வீடு வீடாக. என் அம்மாவுக்கும் வந்தது. இரத்தமாகப் போனது. டிஸ்பென்சர் ஐயா போத்தலில் மருந்து கலக்கிக் கலக்கிக் கை சோர்ந்துபோனார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பீலித் தண்ணி முன்னாடியே உள்ள போயிருக்கும்மா, அதுதான் இப்ப வேலையைக் காட்டுது" என்று விளக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும் அம்மாவுக்கு விஞ்ஞானம் சொன்ன ஒரே மகன் இந்த மலைநாட்டில் நானாகத்தான் இருப்பேன். அம்மா கண்ணைத் திறக்காமல், "நீ சொன்னாச் சரியாத்தான்யா இருக்கும்" என்றார்.

மாடசாமி அண்ணனுக்கும் வந்தது. ஏற்கனவே இருமலில் பாதியானவர்.

ஒன்பதாவது நாள் மிஸ் வந்தார். வழியிலேயே எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். கம்பளிச் சட்டையில் நீர் சொட்ட ஸ்டோர் வாசலில் நின்று, "யார் வெளியே சொன்னது?" என்றார்.

"எப்படியோ பரவிடுச்சு மிஸ்" என்றேன்.

மிஸ் கருவிகளைப் பிரித்து வைக்கத் தொடங்கினார். பிற்பகல் மூன்று மணிதான். மழை மூட்டத்தில் ஸ்டோர் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலை மின்சாரம் நின்றது. வாசிகசாலைக்கு ஓடிப்போய் பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து, பம்ப் அடித்து, பற்றவைத்து, மேசைமேல் வைத்தேன். அதே இரண்டு மேண்டிலில் ஒன்றுதான் அதில் கட்டியிருந்தது.

மேசையில் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி ஒன்று திறந்தபடி இருந்தது. விளக்கை அதன் பக்கத்தில் வைத்ததும் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

மிஸ் சிரித்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "விளக்கைத் தள்ளி வை மல்லி. மேண்டில் முழுக்கத் தோரியம்தானே. அந்த உப்பில் ஊறவைத்துத்தான் அதைச் செய்வார்கள். உனக்குச் சொல்லவில்லையா நான்?"

சொல்லவில்லை. தோரியம் தேடும் வேலைக்கு வந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனேன். திரும்பி வர முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி, "புது மேண்டில்ல... எரிக்காத மேண்டில்ல... தண்ணி பட்டாக் கரையுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"எரிக்காததில்தான் நன்றாகக் கரையும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவரிடம் நான் சொன்ன மூன்றாவது பொய் அது. அதுதான் மோசமானது. அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் அன்று மாலையே பீலியை உடைத்திருப்பார்கள். நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த வாய், திறக்க வேண்டிய நேரத்தில் அரக்கு வைத்தது போல ஒட்டிக்கொண்டது. மின்சாரம் வரட்டும், கருவி சரியாகட்டும் என்று மிஸ்ஸுக்கு ஏதேதோ சாக்குச் சொல்லித் தண்ணீர் எடுக்கப் போகாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளில் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள். இரண்டாவது நாள் விடியற்காலையில் மாடசாமி அண்ணன் செத்துப்போனார்.

மழையிலேயே அடக்கம் பண்ணினோம். குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது, இறைத்து இறைத்து வெட்டினோம். வெள்ளைச் சட்டையில் செம்மண் அப்பிக் கிடந்தது. எல்லாம் முடிந்து லயத்துக்கு வந்தபோது வீராயி அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லலேன்னா இன்னும் எத்தனை பேரு போயிருப்பாங்களோ தம்பி. நல்லாருப்ப."

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பது சரியாக நினைவில்லை. மிஸ்ஸின் ஸ்டோர் வரை ஓடியிருக்கிறேன். சேற்றுக் காலோடு உள்ளே போய், பொட்டலம் விழுந்தது, பிழிந்தது, கடையில் பேசியது, நாற்காலி, எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். ஒன்றிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகூட வந்தது, அந்த நேரத்திலும்.

மிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கொழும்பில் தன் மேலதிகாரிகளிடம் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஏற்கனவே பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீ சொல்வதும் ஒரு தடவைதான். அதற்கும் மதிப்பில்லை. செய்து காட்டு" என்றார்.

செய்தேன். முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என் கையால். மின்சாரம் அதற்குள் திரும்பி வந்திருந்தது. மிஞ்சியிருந்த இன்னொரு மேண்டிலைச் சுத்தமான தண்ணீரில் பிழிந்து, நாற்றத்தில் கண்ணெரியக் கறுப்பைப் படியவைத்து, கரைத்து, சூடாக்கி, நிக்கலைத் தொங்கவிட்டேன். தகடு கண்ணாடிக் குடுவையின் சுவரில் 'டிங் டிங்' என்று இடித்தது. மிஸ் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "சுற்று. நிறுத்தாதே. இன்னும் இரண்டு நிமிடம்" என்றார். எடுத்து, கழுவி, பதினோரு அடி ஓடி, கருவியின் கீழே வைத்தேன். ஆலங்கட்டி மழை. ஒரு மணி நேரத்தில் சரியாகப் பாதி.

பிறகு புதுக் கண்ணாடிப் போத்தலோடு மலையேறினோம். மிஸ்ஸும் வந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. சீமெந்துக்கு மேலே பாறையில் கசிந்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தோம். இறங்கி வந்து அதே வேலையை மறுபடி செய்தேன். தகட்டைக் கருவியின் கீழே வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். டக். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டக். ஒரு மணி நேரம் அப்படியே போனது. பாதியாவதற்கு அங்கே எதுவும் இல்லை.

"நல்ல தண்ணீர்" என்றார் மிஸ்.

அன்று சாயந்திரமே தொரையிடம் போனார். தொரை அவருக்குத் தேநீர் கொடுத்து மரியாதையாகப் பேசினாராம். "போன கிழமை விஷம் என்றீர்கள், இந்தக் கிழமை இல்லை என்கிறீர்கள். கொழும்பிலிருந்து எழுத்தில் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ரயிலே ஓடாத மழையில் எழுத்து எப்போது வருவது!

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்கு வரிசையாக நின்றபோது நான் முன்னால் போய் நின்றேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். அன்று நாலே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

"பீலித் தண்ணியில ஒண்ணுமில்லங்க. நான்தான் மேண்டில் துணியைக் கேனுக்குள்ள போட்டுட்டேன். நான் சொன்ன அந்த உலோகம் துணியில இருந்து வந்தது. உங்களையெல்லாம் ஓடைத் தண்ணி குடிக்க வச்சது நான்தாங்க."

பின்வரிசையில் ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், அதுவும் பாதியில் நின்றது. ஏனென்றால் வீராயி அக்கா முன்னால் வந்துகொண்டிருந்தார். துக்க வீட்டுக்காரர் பெரட்டுக்கு வரவேண்டியதில்லை, ஆனால் அவர் வந்திருந்தார்.

"அப்போ பீலியில எதுவுமே இல்லியா?"

"இல்லக்கா."

"அவரு செத்தது?"

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் திரும்பி, கருவிக் கொட்டிலில் சாத்தியிருந்த அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரையை, இழுத்துவந்து என் காலடியில் போட்டார்.

"தூக்குடா."

தூக்கினேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால், எனக்குப் பின்னால் நாற்பது வீட்டுப் பெண்களும். கண்டாக்கையா, "எல்லாரு பேரையும் எழுதிருவேன்" என்று கத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவர் கையிலிருந்த பேர்ப்புத்தகம் மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது. சீமெந்தை முதலில் நான் இடித்தேன். படித்த கை, பத்து அடியில் கொப்புளம் போட்டது. வீராயி அக்கா அலவாங்கைப் பிடுங்கி மீதியை அவரே இடித்தார். கலங்கலாக வந்தது, பிறகு செந்நீராக, பிறகு தெளிவாக. கூட்டத்தில் யாரும் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன், வயிறு முட்ட. அவர்கள் குடிக்கத் தொடங்கும்வரை குடித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மிஸ் இரண்டு கிழமையில் எங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போனார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுத்தான் போனார், அது நியாயம். ஆனால் கேட்காமலே ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரே வாக்கியம்: "தன் தவறைத் தானே சொல்லக்கூடியவர், சற்றுத் தாமதமாக." அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பிறகு கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். அதைப் படித்த தலைமையாசிரியர் கடைசி இரண்டு சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வந்த பெண்வீட்டார் லயத்தில் முதலில் கேட்டது வீராயி அக்காவிடம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மேண்டிலையும் சொன்னார், சாவையும் சொன்னார். பிறகு, "பெரட்டுல வந்து அவனே சொன்னான். வேற யாருக்கும் தெரியவும் தெரியாது" என்றாராம். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. என் மனைவி அந்தக் கதையைச் சீதனம் போல வாங்கிக்கொண்டு வந்து, வருகிற போகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

வீராயி அக்காவின் கேலி வேறு மாதிரி. நான் எப்போது லயத்துப் பக்கம் போனாலும் ஒரு செம்பில் பீலித் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவார். "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க வாத்தியாரே" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் கொஞ்சம் சிரிப்பார். நான் முழுச் செம்பையும் குடித்தாக வேண்டும். வயிறு நிறைந்திருந்தாலும், காய்ச்சலாக இருந்தாலும் குடித்திருக்கிறேன். செம்பைத் திருப்பி வாங்கும்போது என் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். அப்போது அவர் சிரித்ததில்லை.

அவர் போய்ச் சில வருஷமாகிறது. இப்போது அவருடைய மருமகள் செம்பை நீட்டுகிறாள். மாமியார் செய்ததைப் பார்த்துப் பழகிக்கொண்டாள், காரணம் தெரியாது. "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க சார்" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நல்ல தண்ணி" என்கிறேன்.